உள்ளத்து வடுவும் உறவின் மருந்தும்

உடலில் ஏற்பட்ட காயம் ஆறிய பின்னரும் அது இருந்த இடத்தில் எஞ்சி நிற்கும் தழும்பை ‘வடு’ என்கிறோம். ஈழத்துத் தமிழ் உளவியல் எழுத்துகளில் ‘மனவடு’ என்ற சொல் நிலைபெற்றிருப்பது இதனை ஒட்டியேயாகும். காயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்து, நவீன மருத்துவத்தில் வழங்கிவரும் ‘ட்ரோமா’ என்ற கலைச்சொல்லுக்கு இது மிகப் பொருத்தமான தமிழாக்கமாகும். போர், இயற்கை அனர்த்தம், விபத்து, குடும்ப வன்முறை, சிறுபராயத்துத் துன்புறுத்தல் போன்ற, மனிதனின் தாங்கும் சக்தியை மீறிய அனுபவங்கள் உள்ளத்தில் விட்டுச் செல்லும் பாதிப்பையே இச்சொல் குறிக்கிறது.

உள்ளத்து வடுவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது பாதிக்கப்பட்டவரின் உள்ளத்தோடு நின்றுவிடுவதில்லை. அவரது உறக்கத்தையும் செரிமானத்தையும் குலைக்கிறது. மனைவியோடும் பிள்ளைகளோடும் அவருக்குள்ள பிணைப்பைத் தளர்த்துகிறது. வாழ்வுக்குப் பொருள் உண்டு என்ற நம்பிக்கையையே அசைத்துவிடுகிறது. எனவேதான் உளவளத்துணையில் ஈடுபடுவோர், பாதிக்கப்பட்டவரின் உடல், நினைவு, உறவு, நம்பிக்கை ஆகிய நான்கையும் ஒருசேர நோக்கும் முழுமையான அணுகுமுறையை வலியுறுத்துகின்றனர். அவ்வணுகுமுறை எவ்வாறு செயற்படுகிறது, எமது மரபில் அதற்கு உள்ள வேர்கள் யாவை, நடைமுறையில் நாம் எங்கே தவறிழைக்கிறோம் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

அல்பல்கியின் நோக்கு

உடலையும் உள்ளத்தையும் பிரித்து நோக்கலாகாது என்ற கருத்தை இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பாகக் கருதுவோர் பலர். ஆயின், இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் நகருக்கு அண்மையில் பிறந்து, கி.பி. 934இல் (ஹிஜ்ரி 322) மறைந்த அபூ ஸைத் அல்பல்கி இக்கருத்தின் மீதே தமது நூலொன்றை எழுப்பினார். புவியியலறிஞராகப் பெரிதும் அறியப்பட்ட அவர் எழுதிய ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்ற நூலின் பெயரே அதன் நோக்கத்தைக் கூறிவிடும். உடல்களின் நலனும் உள்ளங்களின் நலனும் அதில் இரு பாகங்களாக ஆராயப்படுகின்றன. இஸ்தான்பூல் நூலகத்தில் கையெழுத்துப் பிரதியாக இருந்த இந்நூலை 1984இல் பேராசிரியர் புவாத் ஸெஸ்கின் பிரதி வடிவில் வெளியிட்டார். அதன் உளநலப் பகுதியை ஸூடானிய உளவியலறிஞர் மாலிக் பத்ரி (1932–2021) ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013இல் வெளியிட்டபோது உளவியல் உலகின் கவனம் இதன்பால் திரும்பியது.

கோபம், அச்சம், துயரம், ஊசலாட்ட எண்ணங்கள் (வஸ்வாஸ்) என உள்ளத்தைப் பீடிக்கும் நிலைகளை அல்பல்கி தனித்தனியே ஆராய்கிறார். துயரத்தைப் பற்றிப் பேசுகையில், காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் தெரியாத துயரத்தையும் அவர் வேறுபடுத்துகிறார். அன்புக்குரியவரையோ செல்வத்தையோ இழந்ததால் வருவது முதலாவது வகை. இரண்டாவது வகைக்கு உடலில் ஏற்படும் மாற்றங்களே அடிப்படை என்றும், அதற்கு உடல் சார்ந்த சிகிச்சையும் தேவை என்றும் அவர் கருதினார்.

எமது தலைப்புக்கு மிக நெருக்கமானது அவர் செய்யும் மற்றொரு பாகுபாடாகும். உள்ளத்துக்கான சிகிச்சை இரு வழிகளில் வருகிறது என்கிறார் அவர். ஒன்று உள்ளிருந்து வருவது: மனிதன் தன் சிந்தனையைக் கொண்டு தன்னைத் தேற்றிக்கொள்வது. நோயற்ற காலத்திலேயே அவசர மருந்துகளைச் சேமித்து வைப்பதுபோல, அமைதியான காலத்திலேயே நல்ல சிந்தனைகளை உள்ளத்தில் சேமித்து வைக்கும்படி அவர் அறிவுறுத்துகிறார். மற்றது வெளியிலிருந்து வருவது: பிறரின் பேச்சும் ஆலோசனையும். உணர்ச்சியின் பிடியில் சிக்கியவர் தம் அறிவைத் தாமே பயன்படுத்த இயலாதவராகிவிடுவதால் பிறரின் துணை அவருக்குத் தேவைப்படுகிறது. துன்புற்ற உள்ளம் தனித்து நின்று குணமடைவது அரிது என்ற உண்மை இதில் அடங்கியிருக்கிறது.

உடல் மறப்பதில்லை

ஆபத்தை எதிர்கொள்ளும்போது மூளையின் அமிக்டலா என்ற பகுதி எச்சரிக்கை எழுப்புகிறது. அட்ரீனலின் முதலான சுரப்புகள் பெருகுகின்றன, இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. போராட அல்லது தப்பியோட உடலை ஆயத்தப்படுத்தும் இவ்வேற்பாடு அல்லாஹ் மனிதனுக்கு வழங்கிய ஓர் அருட்கொடையே. ஆபத்து நீங்கியதும் இது தணிந்துவிட வேண்டும். மனவடு ஏற்பட்டவரிடத்தில் அது முற்றாகத் தணிவதில்லை.

நிகழ்ச்சிகளைக் காலத்தோடும் இடத்தோடும் பொருத்திச் சேமிப்பதில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரும் பங்குண்டு. கடும் அச்சத்தின்போது இப்பணி குழம்புகிறது. நினைவு ஓர் ஒழுங்கான கதையாகப் பதியாமல், ஒலியாகவும் மணமாகவும் உடல் நடுக்கமாகவும் துண்டுதுண்டாகத் தங்கிவிடுகிறது. பட்டாசுச் சத்தம் கேட்டதும் வியர்த்து ஒடுங்கும் ஒருவருக்குப் போர் முடிந்துவிட்டது என்ற செய்தி தெரியாமலில்லை. அவரது அறிவு அதனை அறியும். உடல் இன்னும் அறியவில்லை.

இப்பாதிப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 1998இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, அண்டா ஆகியோர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 9,508 பேரிடம் சிறுபராய அனுபவங்கள் பற்றி வினவப்பட்டது. துன்புறுத்தல், வீட்டில் தாய் தாக்கப்படுவதைக் காணுதல் போன்ற பாதகமான அனுபவ வகைகளுள் நான்கையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களிடம் போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான அபாயம், அத்தகைய அனுபவம் எதுவுமற்றவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை அதிகமாக இருந்தது. இதய நோய், ஈரல் நோய் ஆகியவற்றோடும் தொடர்பு காணப்பட்டது. உடலைத் தவிர்த்துவிட்டு உள்ளத்துக்கு மட்டும் மருந்திட முடியாது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

காயம்படுவது உறவு

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் துன்பத்தைக் கண்ட பின்னரே, 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் ‘நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்’ என்ற பெயரில் இந்நிலையைத் தன் கையேட்டில் சேர்த்தது. 1992இல் ஜூடித் ஹெர்மன் என்ற உளமருத்துவர் மனவடுவும் மீட்சியும் பற்றிய தமது நூலில் ஒரு முக்கியமான உண்மையை முன்வைத்தார். போர்க்களத்தில் படைவீரர்கள் அடைந்த அதே பாதிப்பை, வீட்டின் நான்கு சுவர்களுக்குள் வன்முறைக்கு உள்ளாகும் பெண்களும் சிறுவர்களும் அடைகின்றனர் என்பதே அது. நீண்ட காலம் தொடரும் கொடுமையால் ஏற்படும் பாதிப்பைத் தனியாக இனங்காண வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, சிக்கலான மனவடு நோயைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த இயலாமை, தன்னைப் பற்றிய தாழ்வான மதிப்பீடு ஆகியவற்றோடு, உறவுகளைப் பேணுவதில் உள்ள இடர்ப்பாடும் அதன் அடையாளங்களுள் ஒன்றாக அங்கே குறிப்பிடப்படுகிறது.

இது நடைமுறையில் எவ்வாறு வெளிப்படுகிறது? சிறுபராயத்தில் தந்தையின் அடிக்கு அஞ்சி வளர்ந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கணவன் சற்றே குரலை உயர்த்தினாலும் அவள் உறைந்து மௌனமாகிவிடுகிறாள். அம்மௌனத்தைக் கணவன் அலட்சியம் எனக் கொள்கிறான். அவனது குரல் மேலும் உயர்கிறது. அவளோ மேலும் ஒடுங்குகிறாள். இருவரும் ஒருவரையொருவர் குறை கூறுகின்றனர். உண்மையில் அவர்களுக்கிடையே நின்று பேசுவது இருபது வருடங்களுக்கு முந்திய அச்சமாகும். இதனை அறியாத மத்தியஸ்தர்கள் பிணக்கின் மேற்பரப்பை மட்டும் பேசித் தீர்த்து அனுப்பிவிடுவர். சில மாதங்களில் அதே பிணக்கு வேறு பெயரில் திரும்பி வரும்.

தாயோடும் பராமரிப்பாளரோடும் குழந்தை கொள்ளும் பிணைப்பே பிற்கால உறவுகளுக்கு அத்திவாரம் என்பதை ஜோன் போல்பி (1907–1990) விரிவாக விளக்கினார். உறவில் ஏற்பட்ட காயம் உறவிலேயே ஆற வேண்டும் என்ற முடிவுக்கு இதிலிருந்து வருகிறோம். உளவளத்துணையாளர் பாதிக்கப்பட்டவரோடு ஏற்படுத்திக்கொள்ளும் நம்பிக்கை நிறைந்த தொடர்பும் இந்த வகையில் மருந்தின் ஒரு பகுதியே ஆகும்.

மூன்று படிகள்

மீட்சிக்கு ஹெர்மன் மூன்று படிகளை வகுத்தார்: பாதுகாப்பு, நினைவுகூர்தலும் துக்கம் அனுஷ்டித்தலும், மீண்டும் பிணைதல். இன்றும் பல உளவளத்துணையாளர்கள் பின்பற்றும் வரிசை இதுவேயாகும்.

முதற்படியில் நடந்ததைத் தோண்டிக் கேட்பதில்லை. உறக்கம், உணவு, தங்குமிடம், அச்சுறுத்தலிலிருந்து விடுதலை ஆகியவையே முதற்கவனத்தைப் பெறுகின்றன. மூச்சை ஆறுதலாக இழுத்து விடுதல், கால்கள் நிலத்தில் ஊன்றியிருப்பதை உணர்தல் போன்ற எளிய பயிற்சிகளால் உடலுக்கு ‘இப்போது ஆபத்தில்லை’ என்ற செய்தி கற்பிக்கப்படுகிறது. அனர்த்தம் நிகழ்ந்த உடனேயே ஒரே அமர்வில் அனைத்தையும் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது மனவடு நோயைத் தடுப்பதில்லை என்றும், சிலருக்குத் தீங்காகவும் அமையலாம் என்றும் 2002இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு காட்டியது. 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, நிலைமையைப் பார்த்தல், செவிமடுத்தல், உரிய உதவிகளோடு இணைத்தல் என்பவற்றையே கொள்கைகளாகக் கொண்டுள்ளது. பேசுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்பது அதன் முக்கிய அறிவுறுத்தலாகும்.

இரண்டாம் படியில், சிதறிய நினைவுகள் ஒரு கதையாகக் கோக்கப்படுகின்றன. இதற்கென உள்ள முறைகளுள் ஒன்று ‘எடுத்துரைப்புச் சிகிச்சை’. ஒரு கயிற்றைத் தரையில் விரித்து, பிறப்பு முதல் இன்றுவரையான வாழ்வாக அதனைக் கொண்டு, இனிய நிகழ்ச்சிகளுக்கு மலர்களையும் துன்ப நிகழ்ச்சிகளுக்குக் கற்களையும் பாதிக்கப்பட்டவர் வைத்துச் செல்கிறார். கல் இருந்த இடத்தைத் தாண்டியும் கயிறு நீள்கிறது என்பதை அவர் கண்ணால் காண்கிறார். சுனாமிக்குப் பின்னர் இலங்கையின் வடகிழக்கில் 31 சிறுவர்களிடையே இம்முறையும், தியானம், தளர்வுப் பயிற்சி ஆகியவை அடங்கிய முறையும் ஒப்பிட்டு ஆராயப்பட்டன. பயிற்றப்பட்ட உள்ளூர் ஆசிரிய உளவளத்துணையாளர்களே ஆறு அமர்வுகளில் இவற்றை வழங்கினர். 2009இல் வெளியான முடிவுகளின்படி இரு பிரிவுகளிலும் பெரும்பாலான சிறுவர்கள் நலமடைந்திருந்தனர். தம் மொழியும் சூழலும் அறிந்த ஒருவரின் துணை எத்துணை பயனளிக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

மூன்றாம் படியில் அவர் மீண்டும் மனிதர்களிடம் திரும்புகிறார். குடும்பத்தில், தொழிலில், வணக்கத்தில், பிறருக்கு உதவுவதில் தன் இடத்தைக் கண்டுகொள்கிறார். இப்படிகள் எப்போதும் நேர்கோட்டில் செல்வதில்லை. முன்னேறியவர் ஒரு செய்தியாலோ ஒரு நினைவு நாளாலோ முதற்படிக்குத் திரும்புவதும் உண்டு. அதனைத் தோல்வியாகக் கொள்ளலாகாது.

கதீஜா (ரழி) அவர்களின் முன்மாதிரி

முதல் வஹி அருளப்பட்ட வேளையில் நபி (ஸல்) அவர்கள் நடுக்கத்தோடு இல்லம் திரும்பிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. வஹியின் அனுபவத்தை உளப் பாதிப்போடு ஒப்பிடுவது முற்றிலும் தவறாகும். இங்கு நாம் நோக்குவது, அச்சமுற்றிருந்த கணவரை ஒரு மனைவி எதிர்கொண்ட முறையை மட்டுமேயாகும். தம்மைப் போர்த்துமாறு நபியவர்கள் கேட்டார்கள். அச்சம் தணியும்வரை போர்த்தப்பட்டார்கள். நடந்தது என்ன என்ற பேச்சு அதன் பின்னரே வந்தது. நபியவர்கள் தமது அச்சத்தை வெளியிட்டபோது, அல்லாஹ் அவர்களை ஒருபோதும் இழிவுபடுத்தமாட்டான் என்று கதீஜா (ரழி) அவர்கள் உறுதியளித்தார்கள். உறவினரோடு இணைந்து வாழ்வது, பிறர் சுமையைத் தாங்குவது, விருந்தினரைப் போற்றுவது என நபியவர்களின் நற்பண்புகளை ஒவ்வொன்றாக நினைவூட்டினார்கள். அதன் பின்னர், விடயம் அறிந்தவரான வரக்கா பின் நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள்.

முதலில் உடலுக்கு அமைதி. அடுத்துச் செவிமடுத்தலும், பாதிக்கப்பட்டவரின் தன்மதிப்பை நிலைநிறுத்தும் சொற்களும். இறுதியாக, தம்மைவிட அறிந்தவரின் உதவியை நாடுதல். இவ்வரிசையை எந்த உளவளத்துணைப் பயிற்சி நெறியிலும் பாடமாக வைக்கலாம்.

ஸப்ரும் துயரமும்

துன்புற்றவரைக் கண்டதும் எமது நாவில் முதலில் வரும் சொல் ‘ஸப்ர் செய்யுங்கள்’ என்பதாகும். ஸப்ர் ஓர் உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. ஆயின், அழுகையை அடக்குவதே ஸப்ர் என்ற கருத்துக்கு மார்க்கத்தில் இடமில்லை. அழகிய பொறுமையைத் தம் நிலைப்பாடாக அறிவித்த யஃகூப் (அலை) அவர்களே, மகனைப் பிரிந்த துயரால் கண்கள் வெண்மையுறும் அளவுக்கு வருந்தினார்கள் என ஸூரா யூஸுஃப் கூறுகிறது. அவர்கள் தமது துயரத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீமின் மரணத்தின்போது கண்ணீர் வடித்தார்கள். துயரம் ஈமானின் குறைபாடாக இருக்குமாயின் இந்நிகழ்ச்சிகள் எமக்குச் சொல்லப்பட்டிருக்கமாட்டா.

எனவே, துயருற்றவரின் பேச்சை முழுமையாகக் கேட்கும் முன்னர் சொல்லப்படும் ஸப்ர் உபதேசம், அவரது வாயை மூடும் பூட்டாக மாறிவிடுகிறது. தமது ஈமானிலேயே கோளாறு உண்டோ என்ற குற்றவுணர்வும் அவரது சுமையோடு சேர்ந்துகொள்கிறது.

மன்னிப்பும் நல்லிணக்கமும் இவ்வாறே. கணவன் மனைவியருக்கிடையில் பிளவு அஞ்சப்படும்போது இரு குடும்பத்திலிருந்தும் நடுவர்களை நியமிக்குமாறு அல்குர்ஆன் பணிக்கிறது. இது குடும்பத்தைக் காக்கும் உன்னத ஏற்பாடாகும். ஆயினும், அடியும் அச்சுறுத்தலும் தொடரும் வீட்டுக்குள் ஒரு பெண்ணைச் சமாதானம் பேசித் திருப்பி அனுப்புவது அவ்வேற்பாட்டின் நோக்கமாக இருக்க முடியாது. மேலே கண்ட மூன்று படிகளுள் முதலாவதைத் தாண்டி மூன்றாவதுக்குத் தாவுவதே இதில் நிகழும் தவறு. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்புக் கட்டளை பெற வழி செய்கிறது. அத்தகைய பாதுகாப்பை நாடுவது உறவை முறிக்கும் செயலாகக் கருதப்படலாகாது.

உஹுத் போரில் ஹம்ஸா (ரழி) அவர்களைக் கொன்ற வஹ்ஷி பின்னர் இஸ்லாத்தைத் தழுவியபோது, நபி (ஸல்) அவர்கள் அதனை ஏற்றுக்கொண்டார்கள். எனினும், தம் பார்வையில் படாதிருக்க இயலுமா என அவரிடம் கேட்டார்கள். மன்னிப்பது வேறு, காயத்தை நினைவூட்டும் முகத்தோடு நெருங்கிப் பழகுவது வேறு என்பதை இது உணர்த்துகிறது. பாதிக்கப்பட்டவர் இடைவெளி கோரினால் அவரை வன்மனம் கொண்டவர் எனத் தீர்ப்பளிக்க எவருக்கும் உரிமையில்லை.

சமூகத்தின் வடு

யாழ்ப்பாணத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் பாதிப்பைத் தனிமனிதரோடு மட்டுப்படுத்தாது குடும்பத்தின் வடுவாகவும் சமூகத்தின் வடுவாகவும் நோக்கினார். அவநம்பிக்கை, மௌனம், பிறரில் தங்கியிருக்கும் நிலை என்பவை ஒரு சமூகத்துக்கே நோய்க்குறிகளாகிவிடுவதை அவர் எடுத்துக்காட்டினார். மரபுவழிச் சடங்குகளும் உறவு வலைப்பின்னலும் மீட்சிக்கு இன்றியமையாதவை என்பதும் அவர் கருத்தாகும்.

இலங்கை முஸ்லிம்களுக்கு இது ஏட்டறிவன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுள் பெரும்பாலானோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். வீட்டையும் நிலத்தையும் மட்டுமன்றி, தலைமுறைகளாகப் பழகிய அயலவர் உறவையும் அவர்கள் இழந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் குடும்பங்களையே கொண்டு சென்றது. 2020இல் கொவிட் தொற்றால் இறந்தோரின் உடல்களைக் கட்டாயமாக எரிக்கும் விதி கொண்டுவரப்பட்டு, 2021 பெப்ரவரியில் நீக்கப்படும்வரை நீடித்தது. குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது, மண்ணில் அடக்கும் கடமைகள் மறுக்கப்பட்ட குடும்பங்களின் துக்கம் நடுவழியில் தடைபட்டு நின்றது. அடக்கம் செய்தல் இறந்தவருக்குரிய உரிமை மட்டுமன்று. இருப்போர் துயரத்தை ஒழுங்குபடுத்தும் வழியும் அதுவே. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோர அங்கீகாரம் வழங்கியது. நடந்தது அநீதி என்பதைப் பொதுவெளியில் ஏற்றுக்கொள்வதும் மீட்சியின் ஒரு பகுதி என்பதால் அது முக்கியத்துவம் பெறுகிறது.

துணையாளரின் பண்புகள்

இத்தகைய பணியில் ஈடுபடுபவரிடம் இருக்க வேண்டிய முதற்பண்பு அமானிதமாகும். கேட்டதை வெளியிடாதிருத்தல் தொழில்சார் ஒழுக்கவிதி மட்டுமன்று, மார்க்கக் கடமையுமாகும். அடுத்தது, தீர்ப்புக் கூறாது செவிமடுத்தல். மூன்றாவது, தம் எல்லையை அறிதல். தற்கொலை எண்ணம், கடும் மனச்சோர்வு, யதார்த்தத்தோடு தொடர்பற்ற நிலை ஆகியவை காணப்படும்போது உளமருத்துவரிடம் அனுப்புவதில் தாமதம் கூடாது. ஓதலும் துஆவும் ஒருவருக்கு ஆழ்ந்த அமைதியைத் தரலாம்; அவற்றை ஏளனம் செய்யும் உளவளத்துணையாளர் ஒரு பெரும் வலிமையை வீணாக்குகிறார். அவ்வாறே, மருந்தைத் தடுத்து ஓதலை மட்டும் முன்வைப்பவர், உடலின் நலனை உள்ளத்தின் நலனோடு சேர்த்துக் கண்ட அல்பல்கியின் மரபிலிருந்து விலகிச் செல்கிறார்.

எமது பள்ளிவாசல்களும் காதி நீதிமன்றங்களும் குடும்பப் பிணக்குகள் முதலில் வந்து சேரும் இடங்களாக உள்ளன. அங்கு அமர்வோருக்கு மனவடு பற்றிய அடிப்படைப் பயிற்சி வழங்கப்படுமாயின், எத்தனையோ குடும்பங்கள் தவறான தீர்வுகளிலிருந்து காக்கப்படும். பெண்கள் தயக்கமின்றிப் பேசக்கூடிய பயிற்சி பெற்ற பெண் துணையாளர்கள் ஒவ்வோர் ஊரிலும் உருவாக வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. துன்புற்றவரிடம் ‘ஏன் இன்னும் மறக்கவில்லை?’ என்று கேட்பதை நிறுத்தி, அவர் தமக்குரிய நேரத்தில் பேசும்வரை அருகில் இருக்கப் பழகுவதே தொடக்கமாகும்.